கடைசி அடியில் தளை தட்டும் கேலி வெண்பா

கேள்வி: எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரள–தமிழ்நாடு எல்லையான கோபாலபுரத்தில் பஸ்ஸுக்கு நின்ற கடுப்பில் இந்த வெண்பாவை எழுதினேன். கடைசி அடி இடறுகிறது, ஏன்? எதுகை, மோனை சரியா? ‘என்பார்’ இரண்டு முறை வருவது குறையா?

எட்டு மணிவண்டி எல்லைக்கு வாராது
கெட்டுவிடும் தூக்கில் கிடந்தசோறு – கிட்ட
வருமென்பார் இப்பக்கம் வந்ததென்பார் அப்பால்
இரண்டு மாநிலத்தும் இதே.

பதில்: ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துவதுதான் தளை, பொருந்தாவிட்டால் தளை தட்டும். சீரின் தொடக்கம் ‘எட்’, ‘வா’ போல இருந்தால் நேர், ‘மணி’, ‘இரண்’ போல இருந்தால் நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா (தேமா, புளிமா), நேரில் முடியும் மூவசைச் சீர் காய். முதல் மூன்று அடியில் கை வைக்க வேண்டாம். ‘எட்டு’ தேமா, மாவுக்குப் பின் நிரை வரவேண்டும், ‘மணி’ வந்திருக்கிறது. காய்க்குப் பின் நேர் என்பதும் பிசகவில்லை.

கடைசி அடியில் இரண்டு இடத்தில் தளை தட்டுகிறது. ‘இரண்டு’ புளிமா, அடுத்த சீரின் தொடக்கமான ‘மா’ நேர். ‘மாநிலத்தும்’ கூவிளங்காய், அடுத்த ‘இதே’ நிரை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

இருமாநி லத்தும் இதே.

இப்போது ‘இருமாநி’ காய், ‘லத்தும்’ தேமா, ‘இதே’ மலர் (ஒரே நிரையாக நிற்கும் கடைசிச் சீர்). ‘மாநிலம்’ நடுவில் உடைவது வகையுளிதான். கேலிப்பாட்டில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாசிக்கும்போது சேர்த்து வாசித்தால் போதும்.

எதுகையும் இதில் தேறுகிறது. ‘வரு–இர’ வருக்க எதுகையாக (இரண்டாம் எழுத்தில் மெய் ஒன்று, உயிர் வேறு) செல்லும் என்றாலும் காதில் மங்கல். ‘வரு–இரு’ கணீரென்று விழும். மோனை நன்றாகவே இருக்கிறது. ‘கெட்டு–கிடந்த’ பொருந்துமா என்று தயங்கவேண்டாம். எ, இ இரண்டும் ஒரே மோனை இனம்.

‘என்பார்’ குறையே அல்ல. பாட்டின் கேலி முழுக்க அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆள் ‘வரும்’ என்கிறார், அந்தப் பக்கத்து ஆள் ‘வந்தது’ என்கிறார். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸையே காணோம். நீங்கள் யாரையும் திட்டவில்லை, அவர்கள் சொன்னதை அப்படியே வைத்துவிட்டீர்கள். நாகைச் சத்திரத்தில் சாப்பாடு தாமதமாவதைப் பழித்துப் பாடிய காளமேகப் புலவரும் ‘உலையிலிட’, ‘இலையிலிட’ என்று ஒரே அச்சில் இரண்டு சொல் வைத்தார். அரிசியை உலையில் இடும்போது ஊர் அடங்குகிறது, சோற்றை இலையில் இடும்போது விடிவெள்ளி முளைக்கிறது. ஒலி மாறாமல் நேரம் மட்டும் ஓடுவதால்தான் சிரிப்பு வருகிறது. உங்கள் ‘என்பார்’ செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை.

அப்புறம், பேச்சுவழக்குக்காக ‘வாராது’ என்பதை ‘வராது’ ஆக்கிவிடாதீர்கள். அது புளிமாவாகி முன்னும் பின்னும் தளை தட்டும்.