உச்சிப்புளி, மண்டபம் பகுதியில் எளிதாக நடக்க ஏற்ற இடங்கள்

கேள்வி: ஜனவரிக் கடைசியில் உச்சிப்புளிக்கு அருகே ஒரு கடற்கரை விடுதியில் மூன்று நாள் தங்க இருக்கிறோம். கோவையிலிருந்து வருகிறோம். அம்மாவுக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு. மகளுக்கு 8 வயது. எளிதாகப் போய்வரக்கூடிய காட்டுப் பாதைகள் அங்கே உள்ளனவா? வழிகாட்டியோ வனத்துறை அனுமதியோ தேவைப்படுமா?

பதில்: ஆனைமலையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்தால் இங்கே காடு எதுவும் தென்படாது. இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்து முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் நிலம் காய்ந்து கிடப்பதாலும், கரையோர மண் வெறும் மணலாக இருப்பதாலும், இங்கே நிலைத்து நிற்பவை பனையும், குடை விரித்தாற்போன்ற உடை மரமும், பின்னாளில் வந்து எங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேலமுமே. கழிமுகங்களில் அலையாத்தி மரங்களும், கரையில் மணல் மேடுகளும், உள்நாட்டில் கண்மாய்கள் எனப்படும் ஏரிகளும் உண்டு. நிழல் சூழ்ந்த ஒற்றையடிப் பாதையை எதிர்பார்க்க வேண்டாம். ஏற்றம் என்ற ஒன்று அநேகமாக இல்லாததால் மூட்டு வலிக்காரர்களுக்கு இந்த மாவட்டம் ஒரு வகையில் வசதியானது. வெயில், காற்று, கால் புதையும் மணல் ஆகிய மூன்றுதான் நடையைக் கடினமாக்குபவை. ஆகையால் பாதையின் தூரத்தைக் காட்டிலும், எந்த நேரத்தில் எந்தக் கரையில் நடக்கிறீர்கள் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கடலுக்காகவே வருபவருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் முதலாவதாகச் சொல்லும் இடம் கடற்கரையில் இல்லை. இராமநாதபுரம் நகரை ஒட்டியிருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய்தான் அது. பறவைகள் சரணாலயமான இந்தக் கண்மாயும், நயினார்கோவில் பக்கத்திலுள்ள தேர்த்தங்கலும் 2025இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. கண்மாய்க் கரை இறுகிய மண்ணால் ஆனது, சமதளமானது, நீருக்கு மேலே உயர்ந்து நிற்பது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவை கூடு கட்டுவதால், அம்மா ஓரிடத்தில் நின்றபடியே பார்ப்பதற்குப் போதுமான காட்சி இருக்கும். ஜனவரி இறுதி இதற்கு நல்ல காலம். பல கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்து, இரைக்காகக் கத்திக்கொண்டிருக்கும். காலை ஆறரை மணியளவில் கரையில் இருக்கும்படி புறப்படுங்கள். எட்டரைக்குப் பிறகு வெயிலும் ஏறும், நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கண்ணைக் கூசச் செய்யும். கரையை விட்டு மரங்களின் பக்கம் இறங்காதீர்கள். பெரிய பறவைகள் மிரண்டு எழுந்தால், அந்த இடைவெளியில் காகங்கள் முட்டையையோ குஞ்சையோ கொண்டுபோய்விடும். ஓர் எச்சரிக்கை: மழை பொய்த்த ஆண்டில் கண்மாயில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இருக்காது. புறப்படுமுன் விடுதிக்காரரிடமோ வனத்துறையினரிடமோ, 'கண்மாய் பெருகிக் கிடக்கிறதா, கலுங்கு பாய்ந்ததா' என்று கேட்டுவிடுங்கள் (கலுங்கு என்பது கண்மாய் நிரம்பியதும் உபரி நீர் வழியும் இடம்). அந்த ஒரு கேள்விக்கான விடையே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

கடற்கரை நடைக்கு வருவோம். உச்சிப்புளியிலிருந்து வடக்கே போனால் பாக் விரிகுடா, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. இரண்டும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே இருப்பது இந்தப் பகுதியின் பெரிய வசதி. பருவமழை தொடங்கியதிலிருந்து மாசி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் வடகடல் கலங்கி அலையடிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். சித்திரைக்குப் பின் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்போது நிலைமை தலைகீழாக மாறும். நீங்கள் வருவது வாடைக் காலம் என்பதால் புதுமடம், சீனியப்பா தர்கா, வேதாளை ஆகிய தென்கடல் கரைகளில் நடப்பதே நல்லது. அரியமான் கடற்கரை வடகடல் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு, வெயில் ஏறிய பிறகு குழந்தையை அழைத்துக்கொண்டு உலாவ அதைவிட வசதியான இடம் அருகில் இல்லை.

மூட்டு வலி உள்ளவர்கள் உலர்ந்த மணலில் நடக்கவே கூடாது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் புதைந்து, கெண்டைக்காலும் முழங்காலும் இரட்டை வேலை செய்ய நேரும். அலை வந்து நனைத்துப் போன ஈர மணல் இறுகியிருக்கும், அதில் நடக்கலாம். ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே ஊன்றும். நெடுந்தூரம் ஒரே திசையில் போனால் அந்தப் பக்கத்து இடுப்பும் முழங்காலும் வலிக்கும். ஆகவே பத்து நிமிடம் போய், அதே வழியில் திரும்பிவிடுவது நல்லது. வழியில் மகளுக்குக் காட்ட வேண்டியவை நிறைய உண்டு: மணலை இழுத்துப் பிடித்துக்கொண்டு படரும் அடம்பன்கொடி, காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையின் முள்பந்து, கரை ஒதுங்கிய கடற்புல். சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால் அதை மட்டும் தொட விடாதீர்கள். செத்த பிறகும் அதன் இழைகள் சுணைக்கும்.

தனுஷ்கோடியை எப்படியும் திட்டத்தில் வைத்திருப்பீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊருக்கும் அதைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது. பெரும்பாலோர் முனையை நோக்கி நடக்கிறார்கள். காலையில் அப்படிச் செய்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வண்டியில் முனைவரை சென்று இறங்கி, அங்கிருந்து வடமேற்கு நோக்கி அரை மணி நேரம் நடந்து, முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தச் சொன்ன வண்டியில் ஏறிக்கொண்டால் வெயில் முதுகுப்புறம் இருக்கும். சாலையின் இருபுறத்து நீர்ப்பரப்புகளில் ஜனவரியில் பூநாரைகள் மேயும்; 2025 ஜூனில் தமிழக அரசு இப்பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் சென்று சாலையில் நின்றே பாருங்கள். சேற்றுப் பரப்பு மேலே உலர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே இளகியிருக்கும், கால் இறங்கிவிடும். முனையில் இரு கடல்களின் நீரோட்டமும் சேர்வதால் அங்கே குளிக்கவே கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவது வழக்கம்; சூரிய அத்தமனத்துக்காக அங்கே காத்திருக்கத் திட்டமிட வேண்டாம்.

அலையாத்திக் காடு பார்க்க வேண்டுமென்றால் தேவிபட்டினத்தைக் கடந்து தொண்டி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய காரங்காட்டுக்குப் போகலாம். அங்கே நடப்பதற்கு ஏதுமில்லை. சேற்றிலிருந்து ஈட்டி முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களின் மேல் யாராலும் கால் வைக்க முடியாது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகில்தான் உள்ளே செல்ல வேண்டும். அம்மாவுக்கு அதுவே நிம்மதி.

அனுமதியைப் பொறுத்தவரை, ஊரை ஒட்டிய கடற்கரைகளில் நடக்க எதுவும் தேவையில்லை. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தீவுகளின் நிலை வேறு. முயல் தீவு உட்பட 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அவற்றில் இறங்குவது குற்றம். யாராவது மீன்பிடி வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தீவைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகைப் பற்றி விசாரியுங்கள். காற்று மிகுந்த நாளில் அது ஓடாது என்பதால் மூன்று நாளில் முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இதை மகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது கண்ணீரைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வழிகாட்டி கட்டாயமில்லை. விடுதிக்குப் பின்னாலிருக்கும் பனங்காட்டிலும் முட்புதர்களிலும் மயிலைத் தேடி நடக்க நினைத்தால் மட்டும், அந்தப் பகுதியை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மணலின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும் சுருட்டை விரியனை வெளியூர்க் கண் பிரித்தறியாது. இருட்டிய பின் அங்கே போக வேண்டாம். ரப்பர் செருப்பும் உதவாது. சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். அடிப்பாகம் தடித்த, முன்விரல்களை மூடிய காலணியை மூவரும் ஊரிலிருந்தே போட்டுக்கொண்டு வாருங்கள். குடிநீரையும் விடுதியிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள். கரையோரக் கிணறுகளில் பலவும் உப்புக் கரிப்பவை.