மொரிஸ் மைனர் ஹாண்ட்பிரேக்: கேட்டவையும் பதில்களும்

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் இலங்கை வீதிகளில் இன்னும் ஓடுகிறது. அதன் ஹாண்ட்பிரேக் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. முன் சீற்றுகளுக்கு நடுவே லீவரும் அதிலிருந்து பின் சில்லுகளுக்கு இரண்டு கேபிளும் உள்ள மைனர் 1000-ஐ மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

சுன்னாகம்: அண்ணை, லீவரை எவ்வளவு இழுத்தாலும் கார் நிக்குதில்லை. கேபிள் நட்டை இறுக்கினன், கொஞ்சநாள் நல்லாயிருந்திட்டுப் பழையபடி வந்திட்டுது. கேபிள் மாத்தவேணுமோ?

கேபிளை விடுங்கோ தம்பி, வருத்தம் ட்ரமுக்குள்ளே, அதாவது சில்லோடு சுற்றும் இரும்புச் சட்டிக்குள்ளே. ட்ரமை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற வளைந்த துண்டுகள்தான் ஷூ. கால் பிரேக் விரிக்கிற அதே பின் ஷூக்களைத்தான் ஹாண்ட்பிரேக்கும் விரிக்கிறது. ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் ட்ரமுக்கும் இடைவெளி கூடும், லீவர் மேலே மேலே வரும். அந்த இடைவெளியை ட்ரமுக்குள் இருக்கிற அட்ஜஸ்டரால்தான் அடைக்க வேண்டும். கேபிளை இறுக்கினால் ஷூ எந்நேரமும் அரைகுறையாக விரிந்தே நிற்கும். ட்ரம் சூடேறி, லைனிங் இன்னும் கெதியாகத் தேயும்.

முதலில் முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹாண்ட்பிரேக்கை நம்பமுடியாது, அது பிடிப்பதே தூக்கிய சில்லுகளைத்தானே. அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கட்டாயம். லீவரை முழுதாக விட்டு, நீங்கள் இறுக்கிய கேபிள் நட்டுகளையும் தளர்த்துங்கள். சில்லு மூடியைக் கழற்றினால் துவாரம் தெரியும். சில்லை மெல்லச் சுற்றுங்கள். அட்ஜஸ்டரின் ஸ்குரூத் தலை துவாரத்துக்கு நேரே வந்ததும், சில்லு இறுகி நிற்கும்வரை திருப்புளியால் மணிக்கூட்டு முள் போகும் பக்கமாகத் திருகி, பிறகு ஒரே ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். கால் பிரேக்கை ஒருமுறை பலமாக மிதித்துவிட்டு மறுபடியும் சரிபாருங்கள், ஷூ அப்போதுதான் தன் இடத்தில் உட்காரும். சில்லு தாராளமாகச் சுற்றவேண்டும். லேசாக உரசுகிற சத்தம் பரவாயில்லை. பின்னால் சில்லுக்கு ஒரு அட்ஜஸ்டர்தான். முன்னால் இரண்டிரண்டு, அதையும் அன்றே செய்துவிடுங்கள்.

பெரும்பாலும் இதோடு லீவர் இறங்கிவிடும். இறங்காவிட்டால் மட்டும் கேபிளுக்கு வாருங்கள். லீவரை மூன்றாம் பல்லில் நிறுத்தி, பின் சில்லைக் கையால் ஊன்றித் தள்ளினால்தான் அசையும் என்ற அளவுக்கு நட்டை இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் வேண்டும்.

கண்டி: அட்ஜஸ்ட் செய்தபிறகும் இடது சில்லு மட்டும்தான் பிடிக்கிறது. கராஜில் ஷூ புதிது என்கிறார்கள்.

ஷூ புதிதாக இருந்து என்ன செய்ய? வலது சில்லின் சிலிண்டரை, அதாவது பிரேக் ஒயிலின் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் குழலைப் பாருங்கள். மைனரின் பின் சில்லு சிலிண்டர் அசையாமல் பூட்டப்பட்டது அல்ல. ட்ரமுக்குப் பின்னால் உள்ள தகட்டின் வெட்டில் அது வழுக்கி அசையவேண்டும். ஹாண்ட்பிரேக்கின் சின்ன லீவர் ஒரு ஷூவைத் தள்ளும்போது சிலிண்டர் எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ளும். வெட்டில் துரு ஏறி இறுகினால் ஒரு ஷூதான் வேலை செய்யும். இறுக்கி மாட்டிவிட்டால் நல்ல வேலை என்று நினைக்கிற கராஜ் பாஸ்மாரால் வருகிற கரைச்சல் இது. துருவைத் தேய்த்து எடுத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் துளி போடுங்கள். லீவர் வெளியே வரும் இடத்து றப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

ட்ரமைக் கழற்றியதும் கம்பிரசர் காற்றால் தூசை ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

நுவரெலியா: ட்ரமுக்குள் ஒயில். ஷூவைப் பெற்றோலில் கழுவிப் போடலாமா?

கழுவினால் நல்லதுபோலத் தெரியும். நாலைந்து இறக்கம் இறங்கி ட்ரம் சூடானதும் லைனிங் குடித்த ஒயில் திரும்ப வெளியே வரும். உங்கள் ஊரில் அந்த விளையாட்டு வேண்டாம், இரண்டு பக்க ஷூவையும் மாற்றுங்கள். அதற்கு முன் மூக்கை வையுங்கள்: கெட்டியாகக் கந்தக நெடியோடு இருந்தால் அது அச்சு ஒயில், ஹப்பின் சீலும் கடதாசிக் காஸ்கெட்டும் போயிருக்கும். மெல்லிய திரவமாக இருந்தால் பிரேக் ஒயில், சிலிண்டர் கசிகிறது. அச்சு ஒயில் என்றால் அச்சின் மேலுள்ள சின்னக் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். சேறு அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தாண்டி ஒயில் வரும்.

பருத்தித்துறை: எங்கட ஊர் தட்டை நிலம். ஹாண்ட்பிரேக் இல்லாமலே இவ்வளவு காலம் ஓடியாச்சு. உண்மையா அது தேவையோ?

இரண்டு காரணம் சொல்கிறேன் ஐயா. மைனரின் கால் பிரேக் நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் வழியில் போகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நாலும் ஒன்றாகப் போகும். அப்போது கையில் மிஞ்சுவது கேபிளில் ஓடும் ஹாண்ட்பிரேக் ஒன்றுதான். அப்படி நடந்தால் பட்டனை அமத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சில்லு பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற கார் இது. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு அந்தக் கைப்பிடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கியர் தெரியாமல் விழுந்திருந்து, ஹாண்ட்பிரேக்கும் இல்லாமல் எஞ்சின் பற்றினால், கார் நேரே உங்கள் மேல்தான் வரும். நிலம் தட்டையாக இருந்தென்ன!

வெள்ளவத்தை: மகன் வெளிநாட்டில், கார் மாதக்கணக்காக நிற்கிறது. இப்போது ஹாண்ட்பிரேக்கை விட்டும் பின் சில்லு அசையவில்லை.

ஹாண்ட்பிரேக் போட்டபடி நிறுத்தியிருப்பீர்கள், கடல் காற்றில் ஷூ ட்ரமோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் சில்லைக் கழற்றி, மரச் சுத்தியலால் ட்ரமைச் சுற்றித் தட்டுங்கள். இனி நீண்டநாள் நிறுத்தும்போது கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்து, ஹாண்ட்பிரேக்கைத் தளர்த்தியே வையுங்கள்.

பதுளை: இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் சில நேரம் லீவர் 'டக்'கென்று கீழே விழுகிறது.

லீவரைப் பிடித்து நிறுத்தும் பல்லும் அதில் விழும் நாக்கும் தேய்ந்திருக்கும், அல்லது பட்டன் ஸ்பிரிங் களைத்திருக்கும். பழைய கிரீஸும் மண்ணும் அடைத்தாலும் இப்படி வரும், அதனால் முதலில் கழுவிப் பாருங்கள். பல் மழுங்கியிருந்தால் அரத்தால் கூராக்கித் தரலாம் என்பார்கள், கேட்காதீர்கள், மாற்றுங்கள். அதுவரை மேடு பார்த்து நிறுத்தினால் முதல் கியர், முன் சில்லை ஓரக்கட்டைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள்; பள்ளம் பார்த்தால் ரிவர்ஸ், முன் சில்லை ஓரக்கட்டைப் பக்கம் திருப்புங்கள்; ஒரு கல்லும் வையுங்கள்.

வவுனியா: புதுக் கேபிள் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பழையதோடு வைத்து நீளம் பாருங்கள். கிரீஸ் ஏற்றுகிற சின்னக் குமிழ், அதாவது கிரீஸ் நிப்பிள், உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். நிப்பிள் இல்லாததென்றால் பூட்டும் முன்பே உறைக்குள் ஒயில் இறக்கி ஊறவிடுங்கள். முனைகளில் வளைத்துப் பூட்டுகிற ஸ்பிளிற் பின் கம்பி பழையதென்றால் திரும்பப் போட வேண்டாம்.