வேகம் பெரிதா, ஆள் பெரிதா?

கேள்வி: பத்துப் பேர் உள்ள மாணவர் ரோபோ அணி நாங்கள். எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்படிஷன்) போட்டிக்கு ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைத்தான் என்ற மூன்று கணினி மொழிகளில் எதை எடுப்பது என்று இரண்டு வாரமாகச் சண்டை. சீனியர் ஒருவர் "வேகம் வேணும்னா சி பிளஸ் பிளஸ்தான்" என்று அடம்பிடிக்கிறார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பைத்தான் படித்திருக்கிறோம்.

பதில்: போட்டியன்று அந்தச் சீனியருக்குக் காய்ச்சல் வந்தால்? முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

வேகக் கதைக்கு வருவோம். எஃப்ஆர்சி அணிகள் பயன்படுத்தும் டபிள்யூபிஐலிப் என்ற ரெடிமேட் கோட் தொகுப்பு, வழக்கமான அமைப்பில் நீங்கள் எழுதிய நிரலை (கோட்) 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 தடவை கூப்பிடும். அதற்குள் ஜாய்ஸ்டிக்கைப் படித்து, சென்சாரைப் பார்த்து, மோட்டாருக்கு ஒரு எண்ணைச் சொன்னால் போதும். மூன்றில் பைத்தான்தான் மெதுவானது, ஆனாலும் ஒழுங்காக எழுதினால் இதைச் சமாளித்துவிடும். கேமரா படத்தைப் பார்த்து இலக்கைத் தேடுகிற கனமான வேலையை மட்டும் தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடுங்கள். ரோபோ நடுவில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மொழி அல்ல, கழன்ற ஒயர்தான்!

பைத்தான் 2024 சீசனிலிருந்து அதிகாரப்பூர்வமாகவே அனுமதிக்கப்பட்ட மொழி, அதனால் தயங்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. ஒரு மாறியின் பெயரில் எழுத்துப் பிழை விட்டால், அந்த வரி ஓடும் வரைக்கும் அது வாயே திறக்காது. அந்த வரி தானியங்கிக் கட்டத்தில் (யாரும் ஓட்டாமல் ரோபோ தானே இயங்கும் பகுதி) இருந்தால் களத்தின் நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கோட் விழும். ஜாவாவோ சி பிளஸ் பிளஸ்ஸோ அதே பிழையைக் கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்கு முன் கோடை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, பிடித்துவிடும். அதனால் பைத்தானில் எழுதினால் ரோபோவில் ஏற்றுவதற்கு முன்னால் சிமுலேட்டரில் (கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் மாதிரி ரோபோ) ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்ப்பதைக் கட்டாய விதியாக்குங்கள்.

சீசனுக்கு நாலைந்து மாதம் இருந்தால் ஜாவா. அதிக அணிகள் எழுதுவது அதில்தான், மாதிரிக் கோட் கொட்டிக் கிடக்கிறது, மாட்டிக்கொண்டால் பக்கத்து அணியிடம் கேட்கலாம். ஒரு மாதம்தான் என்றால் யோசிக்காமல் பைத்தான். சீனியரைக் கோட் சரிபார்க்கும் பொறுப்பில் உட்கார வையுங்கள், கோபம் தணிந்துவிடும்.

கேள்வி: தம்பி அர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில், தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ செய்கிறான். அதிலும் பைத்தான் போடலாமா?

பதில்: வழக்கமான ஊனோ ஆர்3 என்றால் முடியாது. அதில் இருப்பது 2 கிலோபைட் ராம், சின்ன போர்டுகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தானுக்கு அது எந்த மூலைக்கு? அங்கே சி பிளஸ் பிளஸ்தான். பைத்தான்தான் வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறச் சொல்லுங்கள். அது 3.3 வோல்ட் போர்டு, பழைய 5 வோல்ட் சென்சாரை அப்படியே மாட்டிப் போர்டைக் கெடுத்துவிடப் போகிறான்!