ஜனவரிக் கணக்கு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. மகன் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இங்கே வந்த பிறகுதான் கல்லூரி ஃபுட்பால் பார்க்கத் தொடங்கினேன், இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் அதிகம். 2025 சீசனில் நவம்பர் வரை எங்கள் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பரம எதிரி மிஷிகனையும் அடித்தோம். அப்புறம் டிசம்பரில் இண்டியானாவிடம் 13-10, மயாமியிடம் 24-14 என்று தோற்று எல்லாம் போயிற்று. கோச் ரயன் டே பெரிய ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்பது என் கட்சி. மாதத் தேர்வில் எல்லாம் முதல் மார்க் வாங்கிவிட்டு முழுப் பரீட்சையில் கோட்டை விடுகிற பையனை யாராவது மெச்சுவார்களா? 2022 கடைசியில், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிற அந்தக் கிக்கர் பையன் சொதப்பியதையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. சீசன் முடிந்த பிறகு வரும் ஆட்டங்களை வைத்துத்தானே ஒரு கோச்சை அளக்க வேண்டும்? பென் ஸ்டேட் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது சரிதானே? இதில் இவ்வளவு பணம் புரள்வது கல்விக்குக் கேடில்லையா? கடைசியாக ஒன்று, அடுத்த முறை மிஷிகன் ஆட்டம் ஆன் ஆர்பரில் நடக்கும்போது மகன் நண்பர்களோடு போக வேண்டும் என்கிறான். எதிரி ஊர். அனுப்பலாமா?

கே., கொலம்பஸ்

அன்புள்ள கே.,

எனக்கு ஃபுட்பால் பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் நெப்ராஸ்காவில் படித்த காலத்தைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் இந்தப் பதில் உங்கள் கேள்வியோடு நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. இது காலால் மட்டும் ஆடும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை வாராவாரம் சீசன். அதன் பிறகு டிசம்பர், ஜனவரியில் பௌல் என்னும் சிறப்பு ஆட்டங்கள், இப்போது தேசியப் பட்டத்துக்காக 12 அணிகளின் பிளேஆஃப். இந்தக் கடைசிப் பகுதியில் தோற்கிற கோச்சை ஊர் உரித்துவிடும்.

பணம், கல்வி: அதை இன்னொரு நாள் பார்ப்போம். ஃபிராங்க்ளினை உங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள், அவர் பொருந்தமாட்டார். 2025 ஜனவரியில் பென் ஸ்டேட் அரையிறுதி வரை போய் நோட்டர் டேமிடம் 27-24 என்றுதான் தோற்றது. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஆரெகன், யுசிஎல்ஏ, நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாக மூன்று தோல்வி, அதிலும் யுசிஎல்ஏ அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயிக்காத அணி. அந்த வாரமே வேலை போயிற்று. ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை கிட்டத்தட்ட 5 கோடி டாலர். ஜனவரி அவரைக் கவிழ்க்கவுமில்லை, காப்பாற்றவுமில்லை.

டே விஷயத்தில் உங்கள் ஞாபகசக்தி எனக்கு ஆச்சரியம். 2024 நவம்பர் 30 அன்று சொந்த ஊரில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றார், தொடர்ந்து நான்காவது முறை. ஊரே அவரைத் துரத்தப் பார்த்தது. 51 நாள் கழித்து அவர் தேசிய சாம்பியன். டென்னஸி, ஆரெகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று நான்கையும் ஜெயித்தார். இதெல்லாம் பெரிய ஆட்டம் இல்லையா? அடுத்த வருஷமே ‘லாயக்கில்லை’ என்கிறீர்கள். உங்கள் அளவுகோலுக்குப் பன்னிரண்டு மாத ஆயுள்கூட இல்லை சார்.

பரீட்சை உதாரணத்தையும் விட்டுவிடுங்கள். பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஹால் டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள். 2023-ல் புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்திலும் ஜெயித்தது, தேர்வுக் குழு அதைப் பிளேஆஃப்புக்கே எடுக்கவில்லை. கடுப்பிலும் காயத்திலும் அடுத்த வேலையை நினைத்தும் பாதி அணி ஒதுங்கிக்கொண்டது, மிச்சமிருந்த பையன்கள் ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். அந்த 63-ஐ எந்தக் கோச்சின் தலையில் கட்டுவீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குக் கசக்கும். மிஷிகனின் பழைய கோச் போ ஷெம்பெக்லர் ஒஹையோவில் பிறந்தவர், உங்கள் அணியின் அந்தக் காலக் கோச் வுடி ஹேயஸிடம் உதவிக் கோச்சாக வேலை பழகியவர். மிஷிகனில் 21 சீசன், 194 வெற்றி. பௌல் கணக்கு மட்டும் பரிதாபம், 5 வெற்றி, 12 தோல்வி. ஆனால் 1972 முதல் 1974 வரை மூன்று வருஷத்தில் அவர் அணி 30 ஆட்டம் ஜெயித்து இரண்டே இரண்டில்தான் தோற்றது, ஒரு பௌலுக்குக்கூடப் போகவில்லை. பிக் டென் கான்ஃபரன்ஸ் (இரண்டு பல்கலைக்கழகங்களும் இருக்கிற கூட்டமைப்பு) அணிகள் ரோஸ் பௌலைத் தவிர வேறெதிலும் ஆடக் கூடாது என்று அப்போது விதி. 1973-ல் மிஷிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் 10-10 என்று சமனாக முடித்தன. யாரை அனுப்புவது என்று பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப் போட்டார்கள், உங்கள் ஊருக்கு விழுந்தது. ஷெம்பெக்லர் சாகும்வரை அதை மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறந்திருக்கமாட்டேன்.

இப்போது அந்தக் கிக்கர். இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம். 2022 டிசம்பர் 31, அட்லாண்டா. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது நீங்கள் ஜார்ஜியாவைவிட 38-24 என்று முன்னால் இருந்தீர்கள், முடியும்போது 42-41 என்று பின்னால். நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கிற நேரத்தில் 50 கெஜத்திலிருந்து ஒரு உதை, சேர்ந்திருந்தால் வெற்றி, பந்து இடப்பக்கம் விலகிப் போயிற்று. உங்கள் மகனைவிடச் சில வயது மூத்த ஒரு பையன். நீங்கள் ‘இன்னும் மன்னிக்கவில்லை’ என்று எழுதுகிறீர்கள். உங்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? சம்பளம் கொடுத்தீர்களா, சோறு போட்டீர்களா? அந்த உதைக்குக் கொஞ்சம் முன்னால், 31-ஆம் கெஜத்தில் நிற்கும்போது, டே பந்தை எறியாமல் ஏந்தி ஓடச் சொன்னார், ஒரு கெஜம் பின்னால் போனது. அது அவருடைய முடிவு. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் திட்டுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன். பந்து எந்தப் பக்கம் விலகியது என்பதை வைத்து மனிதர்களை எடை போடாதீர்கள்.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனில் எங்கள் வீட்டுக்காரர். தொண்ணூறுகளில் அவர் கீழே, தமிழ்ப் பையன்கள் நாங்கள் மாடியில். ஓய்வு பெற்ற தபால்காரர், மனைவி இல்லை, ஒரே மகள். வாடகை தாமதமானால் ஒன்றும் சொல்லமாட்டார், சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கீழே வராவிட்டால்தான் மனத்தாங்கல். அந்த ஊர் மைதானத்தில் 1962-லிருந்து ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை, அதனால் எங்களுக்கு அவர் வீட்டு டிவிதான் மைதானம். ஆட்டத்தின் விதிகளை அவர்தான் கற்றுத்தந்தார். விதிகளுக்கும் முன்னால் கற்றுத்தந்தது 1984 ஜனவரி 2.

அன்றைக்கு ஆரஞ்ச் பௌல். கோச் டாம் ஆஸ்பர்னின் நெப்ராஸ்கா 12 ஆட்டமும் ஜெயித்து முதலிடத்தில் வந்திருக்கிறது, எதிரே மயாமி, அதுவும் மயாமியின் சொந்த மைதானத்தில். 31-17 என்று பின்தங்கியிருந்த நெப்ராஸ்கா 31-24 ஆக்கி, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது இன்னொரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது, ஆறு புள்ளி) போட்டு 31-30 ஆக்கிவிட்டது. டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். கையில் கொண்டுபோயோ எறிந்தோ கோட்டைத் தாண்டிச் சேர்த்தால் இரண்டு புள்ளி, வெற்றி. தவறினால் தோல்வி. கூடுதல் நேரம் என்பதே அப்போது கிடையாது. சாம்பியன் யார் என்பதையும் பத்திரிகைக்காரர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டுத்தான் சொல்வார்கள். சமன் செய்திருந்தால் தோல்வியே காணாத நெப்ராஸ்காவுக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கும் என்பது அன்று எல்லாரும் அறிந்த கணக்கு. பதினோரு சீசன் கோச்சாக இருந்தும் ஆஸ்பர்னுக்கு அதுவரை ஒரு தேசியப் பட்டம்கூட இல்லை. அவர் இரண்டுக்குப் போனார். டர்னர் கில் எறிந்த பந்தை மயாமிக்காரர் கென்னி கால்ஹூன் தட்டிவிட்டார். அவ்வளவுதான். பட்டம் மயாமிக்கு.

எங்கள் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லும்போது தோற்றுப்போன கதை சொல்கிற குரலே இருக்காது. ஜெயிக்க வந்தவன் ஜெயிக்கப் பார்த்தான் என்பார், மேலே ஒரு வார்த்தை கிடையாது. பத்து வருஷம் கழித்து, 1994 ஜனவரி 1 அன்று, அதே ஆரஞ்ச் பௌலில் புளோரிடா ஸ்டேட்டிடம் 18-16. கடைசி வினாடியில் எங்கள் கிக்கரின் 45 கெஜ உதை விலகிப்போனது. எங்களில் ஒருவன் அந்தப் பையனின் பெயரைச் சொல்லித் திட்ட, கிழவருக்கு வந்ததே கோபம், டிவியை அணைத்துவிட்டு எங்களை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டார். உங்கள் கிக்கரின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.

அது நெப்ராஸ்காவுக்குத் தொடர்ச்சியாக ஏழாவது பௌல் தோல்வி. உங்கள் கணக்குப்படி ஆஸ்பர்னை 1991-லேயே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை, 1994, 1995, 1997 என்று மூன்று பட்டம். பார்த்தீர்களா, பொறுமைக்குப் பலன் கிடைத்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அந்த மூன்றும் கிடைக்காமலே அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் 1984-ல் எடுத்த முடிவில் ஒரு குன்றிமணி குறையாது.

உண்மையில் அவரை நான் கேள்வி கேட்பது அவர் ஜெயித்த ஆட்டத்தில். 1996 ஜனவரி 2, ஃபியஸ்டா பௌல், நெப்ராஸ்கா 62, புளோரிடா 24. கல்லூரி ஃபுட்பாலிலேயே இதைவிட நல்ல அணி கிடையாது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அந்த அணியில் பந்தை ஏந்தி ஓடுகிற லாரன்ஸ் ஃபிலிப்ஸ் சீசன் தொடக்கத்தில், 1995 செப்டம்பரில், முன்னாள் காதலியைத் தாக்கியதற்காகக் கைதானவர். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி. ஆஸ்பர்ன் அவரை ஆறு ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஃபுட்பாலும் அணியும் இல்லாவிட்டால் இந்தப் பையன் அழிந்துபோவான் என்பது அவர் தரப்பு. அது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அணிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், படிக்க வைக்கலாம், மருத்துவரிடம் அனுப்பலாம். நாடு முழுக்கப் பார்க்கிற ஆட்டத்தில் முதல் ஆளாக இறக்கிவிட வேண்டிய அவசியம் என்ன? அன்று ஃபிலிப்ஸ் டச்டவுன் மேல் டச்டவுன் போட்டார். நாங்கள் கீழே கத்திக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரின் மகள் சமையலறையிலேயே இருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை. அடிபட்ட அந்தப் பெண் இந்த ஆட்டத்தை எங்கே உட்கார்ந்து பார்ப்பாள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாள். கிழவரிடம் பதில் இல்லை. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. ஃபிலிப்ஸ் அப்புறம் வேறு வழக்குகளில் சிறைக்குப் போய் 2016-ல் அங்கேயே இறந்தார்.

பட்டியலில் 1984 தோல்வி, 1996 வெற்றி என்று இருக்கும். என் கணக்கில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. கோச் என்பவர் பதினெட்டு இருபது வயதுப் பையன்களின் முன்னால் முடிவெடுக்கிற ஆள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ஸ்கோரைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன்.

உங்கள் அளவுகோலைக் கையில் எடுத்துப் பார்த்த ஊர் எது தெரியுமா? அதே லிங்கன். ஆஸ்பர்னுக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச்சை 2003-ல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த சீசன் முடிந்த கையோடு நீக்கினார்கள், நாங்கள் சராசரி ஆகிவிடமாட்டோம் என்று வீறாப்பு வேறு. 1999-க்குப் பிறகு அவர்கள் தங்கள் கான்ஃபரன்ஸ் பட்டத்தைக்கூட ஜெயிக்கவில்லை.

மயாமி ஆட்டத்தில் டே எடுத்த முடிவுகளில் எது தப்பு என்று எழுதுங்கள், ஒவ்வொன்றாக. ஸ்கோரைக் குறிப்பிடாமல் எழுத முடிந்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.

மகனை அனுப்புங்கள். அது எதிரி ஊரும் இல்லை ஒன்றும் இல்லை, நல்ல புத்தகக் கடைகள் உள்ள கல்லூரி ஊர். நவம்பர் கடைசியில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும், உள்ளுக்குள் இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் அணி தோற்றால் இரவில் அவனுக்கு ஃபோன் போட்டு கோச்சைத் திட்டாதீர்கள், காரை யார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்