சாம் குக் மேடையில் எப்படிப் பாடுவார்?

ரேடியோவில் பட்டுப் போலப் பாடிய அமெரிக்க சோல் பாடகர் சாம் குக்குக்கு கிளப்புகளில் எப்படி அவ்வளவு மவுசு என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, 1963 ஜனவரி 12 அன்று மயாமியின் ஓவர்டவுன் பகுதியில், கறுப்பின மக்கள் திரண்ட ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பதிவானதைக் கேளுங்கள். குரல் கரகரக்கிறது, தொண்டை கட்டிவிட்டதோ என்று தோன்றும். கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் கூடவே உறும, 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' பாட்டைத் தொடங்கும் முன்பே பேச்சும் பாட்டுமாகக் கூட்டத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், அப்புறம் கூட்டமும் சேர்ந்து பாடுகிறது. தேவாலயப் பாட்டில் ஊறியவர் அல்லவா! இது ரொம்ப முரட்டுத்தனம் என்று அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ பதிவைக் கிடப்பில் போட்டது. வெளிவந்தது 1985இல்தான், அவர் இறந்து இருபது வருடம் கழித்து. 1964இல் நியூயார்க் கோபகபானா கிளப்பில் பாடிய பதிவும் இருக்கிறது, ஆனால் என் காதுக்கு அது கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்த மாதிரி.