துணியில் தைத்த கடற்கன்னி பொம்மைக்குத் தலை நிற்கமாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 40 செ.மீ. பொம்மையின் தலை தொங்குகிறது, இடுப்புத் தையல் முன்னும் பின்னும் ஏறி இறங்கி நிற்கிறது, அடுத்ததற்கு எவ்வளவு துணி வாங்குவது என்று.

துணி கொஞ்சம்தான். உடம்புக்குப் பருத்தி 30க்கு 50 செ.மீ., வாலுக்கும் அதே அளவு. வால் துணியை விலை கொடுத்து வாங்க வேண்டாம். பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் உடை) தைக்கும் கடையில் மிஞ்சிய துண்டு கேட்டாலே கிடைக்கும். பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) என்றால் முதலில் அலசிக் காயப்போடுங்கள். சாயம் போகிற துணியாக இருந்தால் முதல் சலவையிலேயே பொம்மையின் வயிறு சிவந்துவிடும்.

இடுப்பு கோணுவதற்குக் காரணம், உடம்பையும் வாலையும் தனித்தனியாக வெட்டிப் பிறகு சேர்ப்பது. வெட்டுவதற்கு முன்பே இரண்டு துணியையும் சேர்த்துத் தைத்து, தையலை வால் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். இப்படி இரண்டு துண்டு வேண்டும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. முகத்தையும் இப்போதே நூலில் போட்டுவிட்டால் முடிச்சு உள்ளே மறைந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு என்றால் பட்டன் கண் வேண்டவே வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

கைகளைத் தனியாகத் தைத்துப் பஞ்சு அடையுங்கள், தோள் பக்கம் 2 செ.மீ. காலியாக விட்டு. இல்லாவிட்டால் மெஷின் ஏறாது. முன், பின் துண்டுகள் இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, நடுவில் கைகளைச் செருகி, இடுப்புத் தையல் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி குண்டூசி குத்துங்கள். துணியின் மேல்பக்கம் பொம்மை வடிவத்தை வரைந்து, அந்தப் பென்சில் கோட்டின்மேல் சின்னத் தையலாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு 6 மி.மீ. விட்டு வெட்டுங்கள். திருப்பிப் பஞ்சு அடைக்க, வால் பக்கவாட்டில் நேரான இடத்தில் 6 செ.மீ. திறப்பு விடுங்கள். கழுத்து, இடுப்பு, வால் பிளவு மூன்றிலும் தையலுக்கு 2 மி.மீ. அருகே வரை கத்தரி நுனியால் கீறிவிடாவிட்டால் திருப்பியதும் அங்கே சுருங்கி இழுக்கும்.

இனி கழுத்து. தட்டையாக 4 செ.மீ. அகலம் இருப்பது பஞ்சு அடைத்து உருண்டதும் இரண்டரை செ.மீ. பருமன்தான். தாளில் வரையும்போது இது தெரியாது. அதனால் தலை 10 செ.மீ. அகலமென்றால் கழுத்தை நாலரைக்குக் குறைக்காதீர்கள். பஞ்சைத் துணுக்குத் துணுக்காகத் திணித்தால் தலை கட்டி கட்டியாகும். உதறிப் பெரிய கொத்தாக வையுங்கள். பிறகு மிச்சத் துணியைச் சுண்டுவிரல் பருமனில் இறுக்கிச் சுருட்டி, பாதி தலைக்குள்ளும் பாதி நெஞ்சுக்குள்ளும் போகும்படி செருகி, சுற்றிலும் பஞ்சை நெருக்குங்கள். சாப்ஸ்டிக்கின் மொட்டை முனை போதும், கூர் முனை துணியைக் குத்திவிடும்.

வாலை நிரப்புவதற்கு முன் துடுப்பில் மெல்லிசாகப் பஞ்சு பரப்பி, விசிறி மாதிரி நாலைந்து கோடு ஓட்டிவிடுங்கள். வால் நிரம்பிய பிறகு மெஷினுக்கு அடியில் நுழையாது. கம்பளி நூல் முடியை வகிட்டில் வைத்துக் கையால் தைத்தால் போதும்.

பழைய தலையணையின் கெக்காபுப் பஞ்சு (இலவம் பஞ்சு) வீணாகிறதே என்று அடைத்துவிடாதீர்கள். துவைத்ததும் திரளும், மழைக் காலத்தில் உள்ளே காயாமல் பூஞ்சை வாடை வரும். பாலியஸ்டர் பஞ்சு 200 கிராம் வாங்கினால் மிஞ்சும்.