அண்ணன் மோட்டாருக்கு உங்கள் பெயர் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 23. சுங்கை சிப்புட்டில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். நான் பாலிடெக்னிக் முடித்து ஈப்போவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் 2,350 வெள்ளி, சேமிப்பு 4,000 வெள்ளி. மூன்று நான்கு வருடத்தில் டவுனில் ஒரு சின்ன வீடு வாங்க ஆசை. பேங்க்கில் விசாரித்தபோது, "உங்களுக்கு ரெக்கார்டே இல்லையே" என்றார்கள். கடன் வாங்காமல் இருந்தது தப்பா? பெரியம்மா மகன், "உன் பேர்ல ஒரு மோட்டார் எடுத்துக் குடு, மாசாமாசம் நான் கட்டறேன். எனக்கு மோட்டார், உனக்கு ரெக்கார்ட்" என்கிறார். அவருக்கு லோன் கிடைக்காதாம். கிரெடிட் கார்டு எடுக்கலாமா என்றால் அப்பா கத்துகிறார். என்ன செய்வது?
- க., சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அண்ணன் விஷயத்தை முடித்துவிடலாம் தங்கச்சி. மற்றதெல்லாம் ஆறு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"அவருக்கு லோன் கிடைக்காதாம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களா? சம்பளம் இருந்தும் மோட்டார் லோன்கூடத் தள்ளிப்போகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு பழைய பாக்கி நிற்கிறது. ஆக, பேங்க் எடுக்கத் தயங்கும் ஆபத்தை 2,350 வெள்ளி சம்பளக்காரியான நீங்கள் எடுக்க வேண்டும் என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மைதான். ஒழுங்காகக் கட்டினால் உங்கள் பெயரில் நல்ல பதிவு விழும். கட்டாவிட்டாலும் உங்கள் பெயரில்தான் விழும். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் (CCRIS) கடன் அறிக்கையைக் கண்ணால் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரிசை, கடந்த 12 மாதங்களுக்கு 12 கட்டம். நேரத்தோடு கட்டிய மாதத்தில் 0. ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. மோட்டாரை ஓட்டியது யார், கட்டுகிறேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தது யார் என்று எழுத அங்கே இடம் கிடையாது.

பாக்கி ஏறினால் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். விற்ற காசு கடனுக்குப் பற்றாவிட்டால் மிச்சத்துக்கு வக்கீல் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் போலீஸ் சம்மனும் உங்களுக்குத்தான். சரி, அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டு லோனுக்குப் போகும்போது உங்கள் சம்பளத்தில் ஏற்கெனவே எவ்வளவு தவணைக்குப் போகிறது என்று பேங்க் கணக்குப் போடும். மோட்டார் தவணை 200 வெள்ளி என்றால் அந்த 200 உங்கள் தகுதியிலிருந்து கழியும். ஓட்டாத மோட்டாருக்காக வீட்டின் ஓர் அறையை விட்டுக்கொடுப்பீர்களா?

எப்படி மறுப்பது என்பதுதான் உங்கள் கவலை என்று தெரிகிறது. உள்ளதைச் சொல்லுங்கள்: "அண்ணே, வீட்டு லோன் போடப் போறேன். என் பேர்ல வேற கடன் இருந்தா தள்ளிடுவாங்க." பிறகு பெரியம்மா வந்து உட்காருவார், கண் கலங்குவார், "ஜாமீன் கையெழுத்தாவது போடும்மா" என்பார். அதற்கும் இதே பதில்தான். 2017இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் வண்டிக்கோ படிப்புக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ லாப நோக்கம் இல்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. அதற்காகக் கடன் மறைந்துவிடாது. கட்டு என்று உங்களைத்தான் கேட்பார்கள். அண்ணனுக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால் ஏகேபிகே அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய நிறுவனம் அது. பழைய கடனைச் சீர்செய்து மாதக் கட்டணத்தைத் திருத்தித் தர வழி பார்ப்பார்கள், ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

கடன் வாங்காதது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. உங்கள் அப்பா மளிகைக் கடையில் பற்று எழுதிச் சம்பளம் வந்ததும் தீர்த்திருப்பார். அம்மா வருடக்கணக்கில் கூட்டு (சீட்டு) கட்டி ஒரு மாதம்கூடத் தவறியிருக்க மாட்டார். (கூட்டு நடத்துவது 1971லிருந்தே சட்டப்படி குற்றம். சொன்னால் யார் கேட்கிறார்கள்!) அந்த நாணயமெல்லாம் கடைக்காரர் நோட்டிலும் அக்கம்பக்கத்தார் வாயிலும்தான் இருக்கிறது, பேங்க் அதிகாரி திறந்து பார்க்கும் கம்ப்யூட்டரில் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது கடன்காரி ஆவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தை பேங்க் படிக்கிற இடத்தில் பதிய வைப்பதுதான்.

அந்த இடம் இரண்டு. ஒன்று மேலே சொன்ன சிசிரிஸ். அதில் மதிப்பெண் கிடையாது, நடந்தது மட்டும் இருக்கும். இன்னொன்று சிடோஸ் (CTOS) போன்ற, கடன் விவரம் திரட்டித் தரும் தனியார் நிறுவனங்கள். 2010ஆம் ஆண்டுக் கடன் அறிக்கை நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. சிடோஸ் 300 முதல் 850 வரை மதிப்பெண் போடும். சிசிரிஸை பேங்க் நெகாராவின் இணையத்தளத்தில் பதிந்து இலவசமாகவே பார்க்கலாம், சிடோஸிலும் அடிப்படை அறிக்கைக்குக் காசில்லை. இந்த வாரமே பாருங்கள். காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம், காலி என்பது கெட்டது ஆகாது. காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். எப்போதோ விட்டுவிட்ட போஸ்ட்பெய்ட் பில் பாக்கிகூட சிடோஸில் வந்து நிற்பதுண்டு. இன்னொன்று: "பேங்க் நெகாரா பிளேக்லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துத் தர்றேன்" என்று ஃபேஸ்புக்கில் வரும் ஆட்களிடம் போகாதீர்கள். அப்படி ஒரு பட்டியலே பேங்க் நெகாராவிடம் கிடையாது.

இப்போது கார்டு. 21 வயதும் ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஆண்டுக்கு 28,200 வருகிறது. வருமானம் 36,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு ஒரு பேங்க் தரும் வரம்பு மாதச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, இரண்டு பேங்க்குக்கு மேல் கார்டு வைத்திருக்கவும் கூடாது. உங்களுக்கு ஒன்று போதும். சம்பளம் விழுகிற பேங்க்கிலேயே கேளுங்கள், உங்கள் வரவு செலவு அவர்களுக்குத் தெரியும். மூன்று மாத பே ஸ்லிப்பும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஸ்டேட்மெண்டும் எடுத்துப் போங்கள். மறுத்தால், சேமிப்பில் ஒரு பகுதியை ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு அதன் பேரில் கார்டு தருவீர்களா என்று கேளுங்கள். சில பேங்க்குகள் தருகின்றன, புதியவர்களுக்கு அது நல்ல வழி. ஒரே வாரத்தில் ஐந்து பேங்க்கில் பாரம் நிரப்பாதீர்கள். முடிவாகாத விண்ணப்பங்களும் சிசிரிஸில் தெரியும், பார்க்கிறவருக்குக் காசுக்கு அலைகிற மாதிரி இருக்கும்.

கார்டு வந்ததும் அதில் இரண்டே செலவு: போன் பில், மாதத்துக்கு ஒரு முறை மளிகை. 150 வெள்ளிக்குள் முடியட்டும். கெடு தேதிக்குள் முழுத் தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். முழுதாகக் கட்டினால் வட்டி கிடையாது, ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி மட்டும் வரும்.

பலர் மாட்டிக்கொள்வது "குறைந்தபட்சக் கட்டணம்" என்ற வரியில். 1,000 வெள்ளி பாக்கி என்றால் 50 வெள்ளி கட்டினால் போதும் என்று ஸ்டேட்மெண்ட் சொல்லும். ஆண்டு வட்டி 18 விழுக்காடு, அதாவது மாதத்துக்குச் சுமார் 15 வெள்ளி. நீங்கள் கட்டிய 50இல் 15 வட்டிக்கே போய்விட, கடன் 35தான் குறையும். இந்த வேகத்தில் அந்த ஆயிரம் எப்போது தீரும்? கணக்குப் பிரிவில் இருக்கிறவர், நீங்களே போட்டுப் பாருங்கள். கார்டைத் தேய்த்து ரொக்கம் எடுக்கும் வேலையும் வேண்டாம்.

இதே ஊரில் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். ஆண்டுக்கு 20,400தான் வரும், கார்டுக்கு எட்டாது. அவர்களுக்குத் தாங்களே ஓட்டுகிற கப்சாய் மோட்டாரின் தவணைதான் பெரும்பாலும் முதல் பதிவு. பிடிபிடிஎன் படிப்புக் கடன் வாங்கியவர்களுக்கு அதுவும் பதிவுதான், கவர்மெண்ட் கடன்தானே என்று விட்டுவிடாதீர்கள். போனில் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று வருவதை ரெக்கார்டுக்காக வாங்க வேண்டாம். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் வட்டிக்காரன் நம்பரைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சம்பள நாளில் வட்டிக்காரன் வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆனால் மாதத் தவணை அவர்களுக்குப் புதிதில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், உங்கள் ஊர் எம்.பி.யாக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளி கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் வாங்கப்பட்டது. தாத்தா காலத்துக் கதை, அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அதிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். கார்டை ஒளித்து வைக்காதீர்கள். முதல் ஸ்டேட்மெண்ட் வந்ததும் அதையும், முழுத் தொகை கழிந்த பேங்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஒரு வருடம் இப்படிப் போனால் 12 கட்டத்திலும் 0 நிற்கும். பிறகு வீட்டு லோன் பேச்சை எடுக்கலாம். அதற்குள் சேமிப்பை ஏற்றுங்கள். முதல் வீட்டுக்கு பேங்க் வழக்கமாக 90 விழுக்காடுதான் தரும். 150,000 வெள்ளி வீடென்றால் 15,000 கையிலிருந்து போட வேண்டும், வக்கீல் செலவு தனி. அதில் ஒரு பங்குக்கு இபிஎஃப்பில் வீடு போன்ற தேவைகளுக்கென இருக்கும் அக்காவுன் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம், மிச்சம் உங்கள் 4,000 வளர்ந்துதான் வர வேண்டும்.